பிராட்பேண்டைக் குறை சொல்லாதீர்கள்: ஐபி கேமரா வீடியோ ஏன் உறைகிறது?

நெட்வொர்க் வழியாக வீடியோ அனுப்பும் ஐபி கண்காணிப்புக் கேமராவின் படம் அடிக்கடி உறைந்தால் பலரும் முதலில் இன்டர்நெட் பிளானை மாற்றுகிறார்கள். வீண் செலவு. கேமராவிலிருந்து, அதைப் பதிவு செய்யும் பெட்டியான என்விஆருக்குப் போகும் வீடியோ கட்டடத்துக்குள்ளேயே ஓடுகிறது. கேமராக்களின் கேபிள்கள் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சையும் என்விஆரையும் இணைக்கும் ஒற்றைக் கேபிளில் எல்லா கேமராக்களின் சுமையும் சேர்வதால், அந்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு கேமராவுக்கு 6 எம்பிபிஎஸ் (நொடிக்கு 6 மெகாபிட்) என்று வைத்தால் 16 கேமராக்களுக்கு 96. சுவிட்சின் அப்லிங்க் (என்விஆருக்குப் போகும் அந்த இணைப்பு) 100 எம்பிபிஎஸ்தானே, அடங்கிவிடும் என்று நினைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. 96 என்பது சராசரி. கேமரா சீராக அனுப்புவதில்லை. குறித்த இடைவெளியில் முழுப் படத்தைக் கொண்ட கீஃப்ரேம் ஒன்று போகும். நடுவில் வரும் ஃபிரேம்களைவிட அது பல மடங்கு பெரியது. நான்கைந்து கேமராக்களின் கீஃப்ரேம்கள் ஒரே நொடியில் மோதினால் சின்ன சுவிட்சின் பஃபர் (தற்காலிக நினைவகம்) நிரம்பி, பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) தொலைந்துவிடும். தொலைந்ததை மறுபடி அனுப்பாத யுடிபி முறையில் அனுப்பினால் அடுத்த கீஃப்ரேம் வரும்வரை படம் கலங்கும். மறுபடி அனுப்பும் டிசிபி முறையில் தாமதம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே சராசரிச் சுமை, லிங்கின் வேகத்தில் 60 சதவீதத்தைத் தாண்டாமல் திட்டமிடுங்கள். கேமரா போர்ட்டுகள் 100 எம்பிபிஎஸ் ஆக இருந்தால் போதும். அப்லிங்க் கட்டாயம் கிகாபிட்டாக (1000 எம்பிபிஎஸ்) இருக்க வேண்டும்.

வீடியோவைச் சுருக்கும் முறையை எச்.264-லிருந்து எச்.265-க்கு மாற்றினாலே சுமை கணிசமாகக் குறையும், ஆனால் என்விஆரும் அதை ஏற்க வேண்டும். ஃபிரேம் வேகத்தைக் குறைக்கும்போது கீஃப்ரேம் இடைவெளியையும் மாற்றுங்கள். நொடிக்கு 25 ஃபிரேம் போகும்போது 50 ஃபிரேமுக்கு ஒரு கீஃப்ரேம் என்றிருந்ததை அப்படியே விட்டு, வேகத்தை மட்டும் 10 ஃபிரேமாக்கினால், 2 நொடி இடைவெளி 5 நொடியாகிவிடும். ஒரு பாக்கெட் தொலைந்தால் படம் அத்தனை நேரம் கெட்டே இருக்கும்.

பகலில் அளந்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடாதீர்கள். காட்சிக்கேற்ப மாறும் பிட்ரேட்டில் (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு), வெளிச்சம் குறைந்ததும் படத்தில் வரும் புள்ளி இரைச்சலை என்கோடர் (கேமராவில் வீடியோவைச் சுருக்கும் பகுதி) அசைவாக எடுத்துக்கொண்டு பிட்ரேட்டை ஏற்றிவிடும், மழையும் அப்படியே. இரவில் அளந்து, உச்ச பிட்ரேட்டுக்கு வரம்பு வையுங்கள்.

16 சேனல் என்விஆர் என்று பெட்டியில் இருப்பது இணைக்கக்கூடிய கேமராக்களின் எண்ணிக்கை மட்டும். உள்வரும் மொத்த வேகத்துக்கும் தனி வரம்பு உண்டு. அது 80 எம்பிபிஎஸ் என்றால், கேமராவுக்கு 5-க்கு மேல் கொடுக்க முடியாது. வாங்கும் முன் விவரத்தாளில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

போனில் வெளியிலிருந்து பார்க்கும்போதுதான் பிராட்பேண்ட் கணக்கில் வரும், அதுவும் அப்லோடு வேகம் மட்டும். மூன்று பேர் நான்கு கேமராக்களை முழுத் தரமுள்ள மெயின் ஸ்ட்ரீமில் திறந்தால் 12 தனித்தனி வீடியோக்கள் வெளியே போகும். ஒவ்வொன்றும் 4 எம்பிபிஎஸ் என்றால் 48. அதையே 512 கேபிபிஎஸ் (சுமார் அரை எம்பிபிஎஸ்) கொண்ட, தரம் குறைந்த சப்ஸ்ட்ரீமில் திறந்தால் ஏறக்குறைய 6 எம்பிபிஎஸ் போதும். பதிவுக்கு மெயின், பார்வைக்கு சப் என்று ஆப்பிலேயே அமைத்துவிடுங்கள்.