வேர்க்கடலை: மெஷின் அறுவடையில் காய் உடைவது எங்கே?

பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் கடலை பிடுங்க ஆள் கிடைப்பது கஷ்டம். டிராக்டரில் மாட்டும் தோண்டு கருவியும் காய் உருவும் மெஷினும்தான் கைகொடுக்கின்றன. காய் உடைந்தால் பழி மெஷின் மேல் விழும். கோளாறு பெரும்பாலும் பதத்திலும் மெஷினை ஓட்டும் விதத்திலும்தான் இருக்கும்.

நாள் கணக்கை மட்டும் நம்பி வயலில் இறங்காதீர்கள். குத்துச்செடி ரகம் சுமார் 100 முதல் 110 நாளில் முற்றும் என்றாலும், நாலைந்து இடத்தில் செடியைப் பிடுங்கிக் காயை உரித்துப் பாருங்கள். முக்கால்வாசிக் காய்களில் தோட்டின் உட்புறம் கறுத்திருக்க வேண்டும். அதற்கு மேலும் தாமதித்தால் காம்பு இற்றுக் காய் மண்ணிலேயே தங்கிவிடும். மழை பிடித்தால் உள்ளேயே முளைத்தும் போகும்.

காய்ந்து இறுகிய மண்ணில் தோண்டு கருவியின் கொழு (மண்ணைக் கிளறும் அலகு) இறங்காது. மேலெழும்பிக் காயை வெட்டும். இரண்டு மூன்று நாள் முன்பே லேசாகத் தண்ணீர் கட்டுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாகி, தட்டினால் உதிர்வதுதான் சரியான பதம். சேறாக இருந்தால், செடியிலிருந்து மண்ணை உதறும் சங்கிலியில் மண் அப்பிக்கொள்ளும். டீசல் மிச்சம் என்று கொழுவை மேலாக ஓட்டுவது வீண் சிக்கனம். 12 முதல் 15 செ.மீ. ஆழம் வேண்டும். சங்கிலி டிராக்டரை விட மிக வேகமாகச் சுற்றினால் காய் அறுந்து சிதறும்.

அதிகச் சேதம் உருவும்போதுதான். சீக்கிரம் முடியட்டும் என்று மெஷினில் காயை உருவும் உருளையின் வேகத்தைக் கூட்டுவார்கள், செடியைக் கட்டுக்கட்டாகத் திணிப்பார்கள். முதலில் கொஞ்சம் செடி மட்டும் போட்டு நிறுத்துங்கள். வெளியே வந்த குவியலில் கண்ணை மூடி 100 காய் எடுத்து, விரிசலை எண்ணுங்கள். ஐந்தாறுக்கு மேல் இருந்தால் வேகத்தைக் குறையுங்கள். அப்படியும் குறையாவிட்டால்தான் உருளைக்கும் சல்லடைக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத் தொட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

மயிரிழை விரிசல் களத்தில் எளிதில் கண்ணுக்குப் படாது. அதன் வழியே ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை நுழைந்தால் அஃப்ளடாக்சின் நஞ்சு உண்டாகும்; வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. ஆகவே விரிசல் காயை அன்றே உற்றுப் பார்த்துத் தனியாகப் பிரித்துவிடுங்கள். மீதியைத் தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பி, பருப்பின் ஈரம் 8 சதவீதம் அளவுக்கு வரும்வரை காய வையுங்கள். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். மாலையில் மூடாவிட்டால் காய்ந்த காயும் திரும்ப நமத்துவிடும். மூட்டையைச் சுவரை ஒட்டாமல் மரப்பலகை மேல் அடுக்குங்கள்.

தோடு உடைக்கும் மெஷினில் பெரிய காயையும் சிறிய காயையும் கலந்து போட்டால் பெரியது நசுங்கும், சிறியது உடையாமலே வெளியே வரும். சலித்துப் பிரித்த பிறகே போடுங்கள். விதைக்கடலைக்கு மட்டும் கையால் உடைப்பதே மேல்.