செஸ்ஸில் ரேட்டிங் கூடுதலான ஆளோடு ஆடும்போது செய்யக் கூடாதவை

முதல் தவறு போர்டில் உட்காருவதற்கு முன்னாலேயே, யாருக்கு யார் எதிராளி என்று போடும் பேரிங் லிஸ்ட்டைப் பார்த்த உடனே நடந்துவிடுகிறது. எதிராளிக்கு ரேட்டிங்கில் 200 புள்ளி கூடுதல் என்று தெரிந்ததும் பலரும் 'டிரா கிடைத்தால் போதும்' என்று முடிவு செய்து, வெட்ட முடிந்த காயையெல்லாம் வெட்டித் தள்ளுகிறார்கள். ராணி போனால் ஆபத்தும் போய்விடும் என்ற நினைப்பு. ஆனால் காய்கள் குறைந்த கடைசிக் கட்டமான எண்ட்கேமில்தான் அவருடைய அனுபவம் முழுசாக வேலை செய்யும், ஒரே ஒரு பலவீனமான சிப்பாயைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் அரைப்பார். ரேட்டிங்கைக் கணக்கிடும் எலோ முறைப்படி, ரேட்டிங்கில் 200 புள்ளி குறைந்தவருக்கும் 100 ஆட்டத்தில், வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை என்று சேர்த்தால், சுமார் 24 ஆட்டப் புள்ளி வர வேண்டும், அவ்வளவு பயப்படத் தேவையில்லை.

இன்னொரு கூட்டம், எப்படியும் தோற்கப்போகிறோம் என்று வாழ்க்கையில் ஆடாத கேம்பிட்டை, அதாவது ஆரம்பத்திலேயே காயைப் பலி கொடுக்கும் ஆட்டத்தை, அன்றைக்குத்தான் எடுத்து விடும். அதைப் பற்றி என்ன சொல்ல.

இருப்பதிலேயே பெரிய தவறு, நிலைமை மோசமானதும் மனசுக்குள் ரிசைன் செய்துவிடுவது, அதாவது தோல்வியை ஒப்புக்கொண்டுவிடுவது. 2025 ஜூன் 1-ம் தேதி நார்வேயின் ஸ்டவாங்கரில் நடந்த நார்வே செஸ் போட்டியின் ஆறாவது சுற்றைப் பாருங்கள். குகேஷுக்கு வெள்ளை, எதிரில் அப்போதைய உலக நம்பர் 1 கார்ல்சன், ரேட்டிங்கில் ஏறக்குறைய 50 புள்ளி மேலே. ஆட்டத்தின் பெரும்பகுதி கார்ல்சன் கையில்தான் இருந்தது. குகேஷ் அதிசயம் எதையும் செய்யவில்லை, ஒவ்வொரு நகர்த்தலிலும் எதிராளி யோசித்தே ஆக வேண்டும் என்கிற மாதிரி ஒரு தொல்லையை வைத்துக்கொண்டே போனார், அவ்வளவுதான். அந்தப் போட்டியில் 40 நகர்த்தலுக்கு அப்புறம் ஒவ்வொன்றுக்கும் கடிகாரத்தில் 10 விநாடிதான் கூடும், அதனால் யோசிக்க நேரம் குறைவு. 52-வது நகர்த்தலில் கார்ல்சன் குதிரையால் கொடுத்த செக் எல்லாவற்றையும் தலைகீழாக்கியது, கொஞ்ச நேரத்தில் தோல்வியை ஒப்புக்கொண்டு மேஜையில் ஓங்கிக் குத்தினார். ஆகவே மோசமான நிலையில் சட்டென்று ஆடிவிடாதீர்கள். எதிராளியின் கடிகாரம் ஓடும்படியான, பதில் கண்டுபிடிக்கச் சிரமமான நகர்த்தலைத் தேடுங்கள்.

அப்புறம் டிரா கேட்பது. நகர்த்திவிட்டு, கடிகாரத்தை அழுத்துவதற்கு முன் ஒரு முறை கேட்கலாம், திரும்பத் திரும்பக் கேட்டால் தொந்தரவு என்று ஆர்பிட்டர் (நடுவர்) எச்சரிப்பார். எதிராளியே டிரா கேட்டால் சந்தோஷத்தில் உடனே கை கொடுக்காதீர்கள். கூடுதல் ரேட்டிங்காரர் தானாக டிரா கேட்கிறார் என்றால் பெரும்பாலும் அவருக்கு அந்த நிலை பிடிக்கவில்லை, எனவே உங்கள் கடிகாரத்தில் நேரம் இருக்கும்வரை போர்டை நன்றாகப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.