ஏஎல் (உயர்தரப் பரீட்சை) எழுதும் மலையகப் பிள்ளைகள் கோட்டைவிடும் இடங்கள்

பல்கலைக்கழகம் போக நினைக்கும் பிள்ளைகளின் முதல் தவறு ஓஎல் (சாதாரண தரம்) பெறுபேறு வந்த கையோடு, ஏஎல் பாடங்களைத் தெரியும்போதே நடந்துவிடுகிறது. பக்கத்துப் பள்ளியில் இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லை, சரி, இணைந்த கணிதம், பௌதிகவியலோடு தகவல் தொழில்நுட்பத்தைச் சேர்த்துக்கொள்வோம் என்று முடிவெடுப்பார்கள். அதில் கணினிப் படிப்புகளுக்குப் போகலாம்தான், ஆனால் மூன்று ஏ எடுத்தாலும் பொறியியல் பீடம் இல்லை. அதேபோல உயிரியல் பிரிவில் பௌதிகவியலை விட்டு விவசாய விஞ்ஞானம் எடுத்தவருக்கு மருத்துவம் கிடைக்காது. எந்தப் படிப்புக்கு எந்தப் பாடங்கள் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டில் தெளிவாகவே இருக்கிறது, நம் ஆட்கள் அதைத் திறப்பதே ஏஎல் பெறுபேறு வந்த பிறகுதான்! பக்கத்து லயத்தில் கெம்பஸ் போன அக்காவோ அண்ணனோ இருந்தால் அவர்களுடைய பழைய கையேட்டை இப்போதே வாங்கிப் பாருங்கள்.

அடுத்தது, "ஏ வந்தால் போதும்" என்ற நினைப்பு. 75 புள்ளியும் ஏதான், 95 புள்ளியும் ஏதான், ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியில் இரண்டும் ஒன்றல்ல. அந்த வருடம் அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்பதைப் பார்த்து, மூன்று பாடத்துக்கும் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள். அதனால் பிடித்த பாடத்துக்கு மட்டும் டவுனுக்கு டியூசன் போய்விட்டு, மூன்றாவது பாடத்தை எஸ் (வெறும் சித்தி) வந்தால் போதும் என்று விட்டால் அந்த ஒன்றே மற்ற இரண்டையும் கீழே இழுத்துவிடும்.

ஏஎல்லில் மூன்று பாடங்களோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையை யாருமே கணக்கெடுப்பதில்லை. இசட் புள்ளியில் அது சேராது, உண்மைதான், ஆனால் அதில் 30 புள்ளியாவது இல்லாவிட்டால் அனுமதியே இல்லை. அப்புறம் "முதல் ஷை (முதல் தடவை) சும்மா எழுதிப் பார்க்கிறேன்" என்கிற பேச்சு. மொத்தமே மூன்று தடவைதான், அதில் சும்மா எழுதியதும் ஒன்று.

மாவட்ட விஷயத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். பெரும்பாலான படிப்புகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கு, மீதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன, கண்டி இல்லை. நீங்கள் எந்த மாவட்டத்தில் சேருவீர்கள் என்பதற்கு நீங்கள் படித்த பள்ளியைத்தான் முதலில் பார்ப்பார்கள், ஆகவே ஹட்டனிலிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ பள்ளி மாறும் முன் இதையும் கணக்குப் போடுங்கள். போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆசிரியரே இல்லாத பள்ளியில் மாவட்டக் கோட்டாவை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் நடக்கும் கூத்து வேறு. போன வருட வெட்டுப்புள்ளியை (ஒரு படிப்புக்கு எடுபட்ட ஆகக் குறைந்த இசட் புள்ளியை) பார்த்துப் பயந்து, "நிச்சயம் கிடைக்கும்" என்று நினைக்கும் படிப்பை முதலில் போடுவார்கள். அது கிடைத்தால் அதோடு முடிந்தது, கீழே எழுதிய ஆசைப் படிப்புக்கு உங்கள் புள்ளி போதுமாக இருந்தாலும் தரமாட்டார்கள். வெட்டுப்புள்ளி வருடா வருடம் மாறும், எனவே ஆசைப்பட்ட வரிசையிலேயே போடுங்கள். கட்டடக்கலை மாதிரிப் படிப்புகளுக்கு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்று இருந்தால் பெறுபேறு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே திருத்துங்கள். தோட்ட விலாசத்துக்கு வரும் கடிதம் தோட்ட ஆபீசிலேயே நாள்கணக்கில் கிடக்கும் என்றால், டவுனில் நம்பிக்கையான ஒருவரின் விலாசத்தைக் கொடுக்க முடியுமா என்று விசாரியுங்கள்.