காலாவதியான டொமைனை வாடிக்கையாளருக்கு மீட்டுக் கொடுப்பது எப்படி?

இணையதளமும் அதே பெயரில் உள்ள மின்னஞ்சலும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டதாக வாடிக்கையாளர் அழைத்துச் சொன்னால், சர்வரில் கோளாறு தேடுவதற்கு முன் டொமைனின், அதாவது தளத்தின் இணையப் பெயரின், காலாவதித் தேதியைப் பார்த்துவிட வேண்டும். சிறு கடைக்காரர்களுக்கு மட்டும் நேர்வதல்ல இது. 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே, தன் ஹாட்மெயில் மின்னஞ்சலின் நுழைவைச் சரிபார்த்த பாஸ்போர்ட் டாட்காம் என்ற பெயரைப் புதுப்பிக்க மறந்ததால் ஹாட்மெயிலுக்குள் நுழைய முடியாமல் பலர் தவித்தனர். லினக்ஸ் நிரலாளர் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் 35 டாலர் கட்டிய பிறகே அது சரியானது.

பணம் கட்டுவதற்கு முன், பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். டாட்காம், டாட்நெட், டாட்ஆர்க் போன்றவற்றுக்கு உலக அளவில் இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் தேடல் பக்கமும், டாட்இன் பெயர்களுக்கு அவற்றை நிர்வகிக்கும் நிக்சியின் பதிவகத் தேடல் பக்கமும் உள்ளன. இங்கே ஒரு பொறி இருக்கிறது. டாட்காம் பெயர் காலாவதியானவுடன் பதிவகம் (டாட்காம் பெயர்களின் மையப் பட்டியலை வைத்திருக்கும் அமைப்பு) அதைத் தானாகவே ஓராண்டுக்கு நீட்டித்துக் குறித்துக்கொள்வதால், தேடலில் அடுத்த ஆண்டின் தேதி தெரியும். அதைப் பார்த்து "இன்னும் ஓராண்டு இருக்கிறதே" என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடக் கூடாது. தேதியைவிட அதனருகே காட்டப்படும் நிலைக்குறிப்பையே நம்ப வேண்டும்.

அந்தக் குறிப்பில் 'ஆட்டோ ரினியூ பீரியட்' என்று இருந்து, வாடிக்கையாளர் உண்மையில் பணம் கட்டவில்லை என்றால், பெயர் இன்னும் சலுகைக் காலத்தில் இருக்கிறது என்று பொருள். பெரும்பாலான பதிவு நிறுவனங்களில் (வாடிக்கையாளர்களுக்குப் பெயரைப் பதிந்து விற்பவை) வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பித்துவிடலாம். இக்காலம் அதிகபட்சம் 45 நாள் என்றாலும், முழு 45 நாளும் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பதிவு நிறுவனம் விரும்பினால் அதற்கு முன்பே பெயரை நீக்கலாம். சில நிறுவனங்கள் இக்காலத்திலேயே ஏலத்துக்கு விட்டு, வென்றவரின் பெயருக்கு நேரடியாக மாற்றிவிடுகின்றன. அப்படி நடந்தால் அடுத்து வரும் மீட்புக் காலம் என்பதே இல்லாமல் போய்விடும். ஆகையால் ஒப்பந்த விதிகளில் அந்த நிறுவனம் எத்தனை நாள் தருகிறது என்பதை அன்றே படித்துவிட வேண்டும்.

'ரிடெம்ப்ஷன் பீரியட்' என்று இருந்தால் பெயர் நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் 30 நாளுக்குப் பழைய உரிமையாளருக்கு மட்டுமே அதைத் திரும்பப் பெறும் உரிமை உண்டு. புதுப்பிப்புக் கட்டணத்தோடு மீட்புக் கட்டணமும் சேர்வதால் தொகை பல மடங்காகும். பதிவு நிறுவனம் மீட்புக் கட்டணத்தைத் தன் இணையதளத்தில் வெளியிட்டிருக்க வேண்டும் என்பது ஐகானின் விதி. ஆகவே தொலைபேசியில் சொல்லப்படும் தொகையை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கும் பின் வரும் 'பெண்டிங் டெலீட்' ஐந்து நாளில் யாராலும் எதுவும் செய்ய முடியாது. தேதி கடக்காமலேயே 'கிளையன்ட் ஹோல்ட்' (பதிவு நிறுவனம் பெயரை நிறுத்தி வைத்திருக்கிறது) என்று இருந்தால் விவகாரம் வேறு: உரிமையாளரின் மின்னஞ்சலைச் சரிபார்க்கும் இணைப்பை யாரும் அழுத்தாமல் விட்டிருக்கலாம், அதை அழுத்தினாலே தளம் திரும்பிவிடும்.

கட்டத்தைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினமானது கணக்குக்குள் நுழைவது. கணக்கு பெரும்பாலும் முன்பு தளம் செய்து கொடுத்தவரின் பெயரிலோ, வேலையைவிட்டுப் போன ஊழியரின் பெயரிலோ இருக்கும். அதைவிடச் சிக்கல், கணக்கின் மின்னஞ்சல் முகவரி காலாவதியான அதே டொமைனில் இருப்பது. நினைவூட்டல் கடிதமும் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பும் செத்துப்போன பெட்டிக்கே செல்லும். அப்போது பதிவு நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு, உரிமையாளரின் அடையாளச் சான்று, ஜிஎஸ்டி சான்றிதழ், பழைய ரசீது ஆகியவற்றை வாடிக்கையாளரின் கையெழுத்திட்ட கடிதத்துடன் அனுப்ப வேண்டும். இதற்கு நாள்கள் பிடிக்கும் என்பதால், கடிதப் போக்குவரத்து நடக்கும்போதே, கணக்கில் நுழையாமல் பணம் மட்டும் கட்ட வழியுண்டா என்று கேட்டுவிடுங்கள். சில நிறுவனங்கள் சம்மதிக்கும். முந்தைய வடிவமைப்பாளரோடு பாக்கித் தகராறு இருந்தால், பெயர் மீண்டு வரும்வரை அதைப் பேச்சில் எடுக்காமலிருக்க வாடிக்கையாளரிடம் சொல்லி வையுங்கள்.

பணம் கட்டும் இடத்திலும் நம் நாட்டுக்கே உரிய இடைஞ்சல் ஒன்று உண்டு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2021 அக்டோபர் 1 முதல், கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க, கார்டுதாரர் முன்கூட்டியே அனுமதியைப் பதிவு செய்திருக்க வேண்டும். அதனால் வெளிநாட்டு நிறுவனங்களில் 'ஆட்டோ ரினியூ' இயக்கத்தில் இருந்தும் பணம் போகாமல் நின்ற கதைகள் ஏராளம். நீங்களே உள்ளே சென்று, ஓடிபி கொடுத்துக் கட்டி முடியுங்கள். வேறு நிறுவனத்தில் மலிவு என்று இப்போது மாற்ற முயல வேண்டாம். மீட்புக் காலத்தில் மாற்றம் சாத்தியமே இல்லை, சலுகைக் காலத்திலும் நாள்கள் வீணாகும். இச்சமயத்தில் மின்னஞ்சலில் வரும் "உடனே கட்டுங்கள்" என்ற இணைப்புகள் எதையும் அழுத்தாதீர்கள்.

பணம் ஏறியவுடன் வேலை முடிந்துவிடாது. காலாவதியின்போது நேம்சர்வர்கள் (பெயருக்குரிய சர்வர் எது என்று சொல்பவை) விளம்பரப் பக்கத்துக்குத் திருப்பப்பட்டிருக்கும். அவை பழையபடி திரும்பினவா என்று பார்த்து, இல்லையெனில் கையால் மாற்ற வேண்டும். தளமும் மின்னஞ்சலும் எந்தச் சர்வரில் உள்ளன என்று குறிக்கும் டிஎன்எஸ் பதிவுகள் பதிவு நிறுவனத்திடமே இருந்திருந்தால் அழிந்தும் போயிருக்கலாம். தளத்தின் முகவரியை மட்டும் சேர்த்துவிட்டு, மின்னஞ்சல் வந்து சேர வேண்டிய சர்வரைக் காட்டும் எம்எக்ஸ், அனுப்புவது உண்மையானதுதான் என்று உறுதிப்படுத்தும் எஸ்பிஎஃப், டிகிம் ஆகிய பதிவுகளை மறந்துவிடுவது வழக்கமான பிழை. டாட்காம் நேம்சர்வர் விவரத்தை மற்ற சர்வர்கள் இரண்டு நாள்வரை நினைவில் வைத்திருக்கலாம் என்பதால், உங்கள் திரையில் திறக்கும் தளம் வாடிக்கையாளர் திரையில் திறக்காமல் இருக்கலாம். இதை முன்னரே சொல்லிவிட்டால் நள்ளிரவு அழைப்புகள் குறையும். அதன்பின் கணக்கை வாடிக்கையாளரின் பெயருக்கு மாற்றி, வேறொரு டொமைனிலுள்ள முகவரியைத் தொடர்புக்குக் கொடுத்து, பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் புதுப்பித்துவிடலாம்; டாட்காமுக்குப் பத்தாண்டு வரை இடமுண்டு.

பெயர் கை நழுவிவிட்டிருந்தால், புதிய உரிமையாளரிடம் விலை பேசுவதற்கு முன், அந்தப் பெயரில் வாடிக்கையாளருக்கு வணிகக்குறி உள்ளதா என்று கேளுங்கள். இருந்து, எதிராளி கெட்ட எண்ணத்தோடுதான் பதிந்து பயன்படுத்துகிறார் என்று காட்ட முடிந்தால், நீதிமன்றம் போகாமல் டொமைன் தகராறுகளைத் தீர்க்கும் நடைமுறைகளான, டாட்காமுக்குரிய யுடிஆர்பியிலும் டாட்இன்னுக்குரிய ஐஎன்டிஆர்பியிலும் முறையிடலாம். உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒரே நடுவர் கொண்ட யுடிஆர்பி வழக்குக்கு, ஐந்து பெயர்கள் வரை, 1,500 டாலர் கட்டணம், வழக்கறிஞர் செலவு தனி. எந்த வழியில் போனாலும், வங்கி, ஜிஎஸ்டி, சமூக ஊடகக் கணக்குகளில் உள்ள பழைய மின்னஞ்சல் முகவரியை அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்; டொமைனை வாங்கியவர் அதே முகவரியை மறுபடி உருவாக்கி, கடவுச்சொல் மாற்றும் கடிதங்களைத் தாமே பெற்றுக்கொள்ள முடியும்.