வில்லுப்பாட்டைக் கணினிக்குள் ஏற்றும் முன்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் ஊர் அம்மன் கோவில் கொடைவிழாவுக்கு வந்த வில்லுப்பாட்டை ராத்திரி முழுக்க உட்கார்ந்து பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்ததும் இரைச்சலை நீக்கும் மென்பொருள் ஒன்றில் போட்டேன். பாடியவரின் குரல் கழுவி எடுத்த மாதிரி வந்தது. பெருமையோடு மறுநாள் சாயாக்கடையில் வைத்து, பாட்டுக்குத் தாளமாகக் குடம் அடித்தவருக்குப் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். அப்புறம் கேட்டார்: "இதுல நான் எங்க மக்ளே இருக்கேன்?"

உண்மைதான். குடம் போயே போச்சு. வில்லில் கட்டிய மணிகளின் கலகலப்பும் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் போட்ட "ஆமா" பாதிக்கு மேல் காணவில்லை.

இதில் மென்பொருள்மேல் குற்றமில்லை. அந்த வகை மென்பொருளை ஒருவர் பேசும் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் துடைக்கப் பழக்கியிருக்கிறார்கள். விடாமல் ஒலிக்கும் மணி அதற்கு மின்விசிறிச் சத்தம். குடத்தின் உள்ளே அடைபட்ட காற்று அதிர்ந்து வரும் அந்தக் கனத்த 'கும்' அதற்கு யாரோ மேசையைத் தட்டிய ஓசை. போதாததற்கு, பேச்சுக்காக அமைத்த கைபேசி மைக் அடிச்சுதியை ஏற்கெனவே கொஞ்சம் வெட்டித்தான் தருகிறது. அந்த "ஆமா"வோ, பாட்டுக்கு இடையில் வந்த இடையூறு என்று கணக்கு. வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும்: கதை பாடும் புலவர் ஒரு வரியைப் பாடி நிறுத்த, கூட இருப்பவர்கள் "ஆமா" என்று அதை ஏந்திக்கொள்ளாவிட்டால் அடுத்த வரி எழும்பாது. கதையைப் பாதி சுமப்பதே அந்தச் சொல்தான்.

அதனால் இப்படிச் செய்யலாம்: குடத்துக்கு அருகில் ஒரு மைக், பாடுபவருக்கு ஒன்று, கூட்டத்தின் பக்கம் ஒன்று. மூன்றையும் தனித்தனித் தடமாக, எந்தச் சீர்திருத்தமும் செய்யாமல், சுருக்காத கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்வதெல்லாம் பிரதியில் மட்டும். மூலத்தைத் தொட்டால் தொலைந்தது.

இந்த மாவட்டத்தில் இப்போது கலையையும் கணினியையும் கோத்துப் பார்க்கும் ஆசை பிள்ளைகளிடம் நிறையவே இருக்கிறது. ஒருவர் முப்பரிமாண ஸ்கேன் எடுக்கிறார், ஒருவர் செயற்கை நுண்ணறிவிடம் படம் கேட்கிறார், இன்னொருவர் ஊரைச் சுற்றிக் காதில் கதை சொல்லும் நடைப்பயணம் தயாரிக்கிறார். எல்லாம் நல்லதுதான். ஆனால் எந்தக் கருவியும் எதையாவது உதிர்த்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பிடிக்கிறது. எது உதிர்கிறது என்று முதலில் கேட்காததிலிருந்துதான் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை கிளம்பின.

பத்மநாபபுரம் அரண்மனையை எடுத்துக்கொள்வோம். தக்கலைக்குப் பக்கத்தில், நம் மாவட்டத்துக்குள்ளேயே இருந்தாலும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. அனுமதிக் கடிதத்தை நாகர்கோவிலில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதே முதல் தவறு. அதைத் தாண்டினால் தரை. முட்டை வெள்ளைக்கரு, சிரட்டைக்கரி, சுண்ணாம்பு எல்லாம் கலந்து தேய்த்ததாகச் சொல்லும் அந்தக் கறுப்புத் தரை இன்றும் முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நூற்றுக்கணக்கில் படம் எடுத்து, அவற்றில் பொதுவான புள்ளிகளைப் பொருத்தி முப்பரிமாண உருவம் கட்டுவது ஒரு முறை. இந்த முறைக்குப் பளபளப்பு ஜென்ம விரோதி. நண்பர் ஒருவர் இது மாதிரியான தரையில் முயன்றபோது, தரையில் தெரிந்த தூணின் பிம்பத்தையும் மென்பொருள் தூண் என்றே நம்பி, தரைக்குக் கீழே தலைகீழாக இன்னொரு மண்டபத்தைக் கட்டிக் கொடுத்தது. எண்ணெய் பூசிய கருங்கல் சிலையிலும் இதே கூத்துதான். ஒளியை நேரடியாகப் பாய்ச்சாமல் பரவவிடுவது, கேமராவில் பிரதிபலிப்பைக் குறைக்கும் கண்ணாடி மாட்டுவது, பளபளக்கும் பகுதியைத் தனியாக அளந்து கையால் வரைவது என்று வழிகள் உண்டு. படங்களிலிருந்து காட்சியை எண்ணற்ற மங்கலான வண்ணத் திட்டுகளாகக் கட்டும், 2023-ல் வந்த காஸியன் ஸ்பிளாட்டிங் என்ற முறை பளபளப்பைக் கண்ணுக்கு அழகாகவே காட்டும். ஆனால் அதை வைத்துத் தரை எங்கே இருக்கிறது என்று அளக்கப் போகாதீர்கள். பார்க்க ஒன்று, அளக்க ஒன்று.

தோல்பாவைக்கூத்தில் நேர்மாறான தவறு நடக்கிறது. இங்கே தலைமுறைகளாக அதை நடத்தி வருவது வீட்டில் மராத்தி பேசும் குடும்பங்கள். ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, வெட்டி, பொடிப்பொடியாகத் துளையிட்டுச் சாயம் ஏற்றிய பாவை அது. அதை ஏட்டுச்சுவடி ஸ்கேன் செய்வது மாதிரி மேலிருந்து வெளிச்சம் போட்டு எடுத்தால், பழைய செருப்புத்தோல் நிறத்தில் ஒரு ராமன் கிடைப்பான். பாவைக்கு நிறம் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில்தான் பிறக்கிறது. விளக்கு மேசையில் வைத்து அடியிலிருந்து ஒளி கொடுத்து எடுக்க வேண்டும். துளைகள் அப்போதுதான் நகையாக மின்னும்.

அதையே அனிமேஷன் ஆக்குகிறவர்கள் அசைவை வெண்ணெய் போல வழவழவென்று ஆக்கிவிடுகிறார்கள். திரையில் பாவையை ஒட்டி அழுத்தினால் கோடு கூர்மையாகும், கொஞ்சம் பின்னுக்கு இழுத்தால் மங்கும். ராவணன் திரைக்குள் வருவதும் போவதும் அந்த மங்கலில்தான் நடக்கிறது. எல்லாச் சட்டகத்திலும் ஒரே கூர்மை வைத்தால் அது வெட்டி ஒட்டிய காகிதம். இன்னொன்று: அத்தனை பாத்திரத்துக்கும் ஒரே ஆள்தான் குரல் கொடுப்பார். ஆளுக்கொரு நடிகரைப் பிடித்துக் குரல் கொடுக்க வைத்தால், அந்த ஒற்றைத் தொண்டைக்குள் சீதையும் அனுமனும் மாறி மாறி வரும் வித்தை போய்விடும்.

சுசீந்திரம் தாணுமாலயன் கோவில் இசைத்தூண்களைப் பற்றி வீடியோ செய்கிறவர்கள் அறிவியலை மர்மமாக மாற்றுகிறார்கள். "விஞ்ஞானத்துக்கே சவால்" என்று தலைப்பு. சவால் எல்லாம் ஒன்றுமில்லை. ஆனால் விளக்கம் அந்த மர்மத்தைவிடச் சுவையானது. ஹம்பி விட்டலர் கோவிலின் இதே வகைத் தூண்களைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தினர் சேதப்படுத்தாமல் சோதித்து, 2008-ல் கட்டுரை வெளியிட்டார்கள். உள்ளே குழல் எதுவும் கிடையாது, கெட்டிக் கல். தட்டும்போது தூண் கண்ணுக்குத் தெரியாமல் வளைந்து வளைந்து அதிர்வதுதான் சுரம். இங்கேதான் வேடிக்கை. வீணைத் தந்தியைப் பாதியில் அழுத்தினால் ஒரு ஸ்தாயி மேலே போகும். இப்படி வளைந்து அதிரும் மெல்லிய தண்டில், மற்றதெல்லாம் மாறாமல் நீளம் மட்டும் பாதியானால் அதிர்வெண் நான்கு மடங்காகும், அதாவது இரண்டு ஸ்தாயி. அப்படியானால் சிற்பி உளியை ஒரு விரல் அகலம் தப்பாக வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கதை அங்கே இருக்கிறது. பார்வையாளர் திரையில் தூணை நீட்டிச் சுருக்கித் தட்டிப் பார்க்கும்படி ஒரு சின்ன செயலி செய்தால் போதும், உண்மைத் தூணை யாரும் தட்டித் தேய்க்க வேண்டியதில்லை.

செயற்கை நுண்ணறிவிடம் வில்லுப்பாட்டுக் குழுவின் படம் கேட்டுப் பார்த்தேன். தோளில் வில்லோடு ஒரு வீரர் வந்தார், பின்னால் இமயமலை. சிரித்துவிட்டு விட்டுவிடலாம். குரல் விஷயம் அப்படியல்ல. நடைப்பயணத்துக்கு இயந்திரக் குரல் வைத்தால், அது செய்தி வாசிப்பது போன்ற பொதுத் தமிழில் விளவங்கோட்டுக் கதையைச் சொல்லும். பெரியவர்களிடம் எடுத்த பேட்டியைத் தானாக எழுத்தாக்கும் கருவியிடம் கொடுத்தால், "கொள்ளாம்" என்று அவர் மெச்சியதை அது "கொல்லலாம்" என்று எழுதி வைக்கும்! எழுத்தாக்கத்தை அதே வட்டாரத்தில் வளர்ந்த ஒருவர் ஒலியோடு சேர்த்துச் சரிபார்க்காமல் எங்கும் ஏற்றாதீர்கள்.

கடற்கரைக்கு வந்தால் எனக்குக் கொஞ்சம் பயமே வருகிறது. கடலுக்கடியில் மீன் தங்கும் பார், அதாவது பாறைத்திட்டு, எங்கே என்பதைக் கரையிலுள்ள மலைமுகடு, கோவில் கோபுரம், பனைக்கூட்டம் இவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துச் சொல்லும் அறிவு அங்கே உண்டு. கரையோரத்தில் கோவில் என்றால் பெரும்பாலும் தேவாலயம். அதன் கோபுரம்தான் கடலில் இருப்பவருக்கு அளவுகோல். அழகான விஷயம், வரைபடக் கதையாக்க யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்த இடங்களை ஜிபிஎஸ் எண்களோடு இணையத்தில் போட்டால் நாளைக்கே பெரிய விசைப்படகு அங்கே வந்து நிற்கும். எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்லுங்கள், எங்கே என்பதை அழித்துவிடுங்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியையும், 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலையும் மெய்நிகர் கண்ணாடிக்குள் "அனுபவமாக" ஆக்கும் யோசனையையும் கேட்டிருக்கிறேன். ஆளைக் கடலுக்குக் கொடுத்த வீட்டுக்காரர் அந்தக் கண்ணாடியை மாட்டினால் என்ன செய்வீர்கள்? எனக்கு இது வேண்டவே வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. அவர்கள் சொல்ல விரும்பியதை அவர்கள் குரலிலேயே, அலை காட்டாமல் கேட்க வைத்தால் போதும்.

கதையின் முடிவைப் பார்வையாளரே தேர்ந்தெடுக்கும் விளையாட்டும் அப்படித்தான். அரசன் கதைக்குச் சரி. கொடையில் பாடும் சுடலைமாடன் கதைக்கு முடிவை மாற்ற, அது சும்மா கதை அல்ல. பாட்டு வேகம் ஏற ஏறத்தான் சாமியாடிக்கு அருள் ஏறுகிறது. அந்தச் சாமியைக் கும்பிடும் குடும்பத்தாரிடம் கேட்காமல் கை வைத்தால் ஊருக்குள் நடமாட முடியாது.

கடைசியாக, பலரும் கண்டுகொள்ளாத சங்கதி. கதை பழையது, யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் நிகழ்த்தியவருக்கு அந்த நிகழ்த்துதலில் உரிமை உண்டு. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் அதை 50 ஆண்டுகள் காக்கிறது. புலவரின் குரலை இயந்திரத்துக்குப் பழக்கிப் புதுப் பாட்டுப் பாட வைப்பதற்கு, "ரெக்கார்ட் பண்ணிக்கிறேன் அண்ணாச்சி" என்று வாய்வார்த்தையாக வாங்கிய சம்மதம் போதாது. பதிவு எங்கே போகும், குரலைப் பிரதி எடுப்போமா மாட்டோமா, பணம் வந்தால் எவ்வளவு பங்கு என்பதையெல்லாம் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். மேடையில் இருந்த எல்லாரிடமும். குடம் அடித்தவரிடமும்.