கூட்டுறவு நிலக்கரிச் சுரங்கம்: முதல் பணத்தை எதில் போடுவது?

உறுப்பினர்களே தோண்டி உறுப்பினர்களே விற்கும் சிறிய சுரங்கத்தில், நாலு லோடு கரி நல்ல விலைக்குப் போனதும் முதலில் எழும் பேச்சு, “ஒரு வின்ச் (கரி வண்டியை ரோப்பால் இழுக்கும் எந்திரம்) வாங்கிப் போடலாமா?” என்பதுதான். போடலாம், ஆனால் ஐந்தாவது செலவாக. அதற்கு முன்னால் இரண்டாவது வாசல், காற்று, கூரை, தண்ணீர் என நாலு செலவு வரிசையில் நிற்கிறது. இருபது முதல் நாற்பது பேர் இறங்கி, பெரும்பாலும் கை உழைப்பால் கரி எடுக்கும் நிலத்தடிச் சுரங்கத்தை மனதில் வைத்து இந்தக் கணக்குகளைத் தருகிறோம். உங்கள் நாட்டுச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும்.

இரண்டாவது வாசல்

இங்கிலாந்தின் ஹார்ட்லி சுரங்கத்துக்கு 1862-ல் ஒரே ஒரு குழிவாய்தான் இருந்தது. பம்பு எந்திரத்தின் இரும்பு உத்தரம் முறிந்து அதற்குள் விழுந்து வழியை அடைத்தது. 204 பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் நச்சுக்காற்றில். சுரங்கத்துக்கு இரண்டு வழி வேண்டும் என்று அங்கே அதே ஆண்டில் சட்டம் வந்தது.

இரண்டாவது வாசல் அகலமாக இருக்க வேண்டியதில்லை. அடிபட்டவரை ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கொண்டுபோக முடிந்தால் போதும். ஒரு வாசல் இடிந்தால் மற்றதும் சேர்ந்து அடைபடாத அளவு தள்ளி இருக்க வேண்டும், இரண்டும் உள்ளே இணைந்திருக்க வேண்டும். இதில் கெட்டுப்போவது எப்போதும் ஒரே மாதிரிதான்: பயன்படாத வழி என்று பழைய கட்டைகளையும் அறுந்த கேபிளையும் அங்கே போட்டுவைப்பார்கள், ஆறு மாதத்தில் ஏணியும் உளுத்துப்போகும். மாதத்துக்கு ஒரு நாள் ஷிப்ட் முடிந்து எல்லோரும் அந்த வழியாகத்தான் வெளியே வருவது என்று வைத்துக்கொண்டால், பழுது தானாகக் கண்ணில் படும்.

காற்று

இந்திய நிலக்கரிச் சுரங்க விதிகளில் உள்ள அளவு கணக்குப் போட எளிது. பெரிய ஷிப்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் நிமிடத்துக்கு 6 கன மீட்டர். அல்லது நாளுக்கு எடுக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2.5 கன மீட்டர். இரண்டில் எது அதிகமோ அது. ஷிப்டில் 20 பேர், நாளுக்கு 60 டன் என்றால் முதல் கணக்கு 120, இரண்டாவது 150. ஆக, நிமிடத்துக்கு 150 கன மீட்டர் தேவை. ஆள் அதிகமில்லையே என்று முதல் கணக்கோடு நிறுத்திவிடுவது வழக்கமான தப்பு. வெட்டிய கரியிலிருந்தும் வாயு வருகிறது.

அந்த 150 வருகிறதா என்று பார்க்க, பாதை நேராக உள்ள இடத்தில் 10 மீட்டர் அளந்து குறியிடுங்கள். பாதை 2 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம் என்றால் குறுக்குப் பரப்பு 3.6 சதுர மீட்டர். 150-ஐ 3.6-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 மீட்டர் வேகம். காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் முதல் குறியில், பாதையின் நடுவில், ஒரு சிட்டிகை சுண்ணாம்புக்கல் தூளைத் தூவி, அது அடுத்த குறியைத் தொடும் நேரத்தை எண்ணுங்கள். நடுவில் காற்று சற்று வேகமாகப் போகும் என்பதால், கிடைத்த வேகத்தை 0.8-ஆல் பெருக்க வேண்டும். தூள் 11 முதல் 12 நொடிக்குள் வந்தால் சரி, 20 நொடி ஆனால் காற்று போதாது. ஊதுபத்தியோ தீக்குச்சியோ கொண்டு புகை பார்ப்பது கூடவே கூடாது.

விசிறி இல்லாமல் இயற்கைக் காற்றையே நம்பும் சுரங்கம் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டில் மூச்சு விடுகிறது. வெளி வெப்பம் மாறி உள் வெப்பத்துக்குச் சமமாகும் வேளையில் காற்று நின்றுவிடும். சில நாள் திசையே மாறும். காலையில் அளந்துவிட்டு “காற்று நன்றாக இருக்கிறது” என்று எழுதிவைப்பது இதனால்தான் ஏமாற்றுகிறது. காற்று வெளியேறும் வாசலில் ஒரு விசிறி வையுங்கள். வாசலுக்கு நேர் எதிரே வைக்காமல் பக்கவாட்டுக் கால்வாயில் வைத்தால், உள்ளே வெடித்தாலும் விசிறி தப்ப வாய்ப்புண்டு.

விசிறி ஓடியும் முகப்பில், அதாவது கரி வெட்டும் இடத்தில், காற்று வராவிட்டால், பெரும்பாலும் அது நடுவழியில் ஓடிப்போகிறது. பழைய குறுக்குப் பாதைகளைத் துணியால் மறைத்திருப்பார்கள்; கல், களிமண் வைத்து நிரந்தரமாக அடையுங்கள். போக்குவரத்துள்ள இடத்தில் ஒற்றைக் கதவு போதாது. ஒன்று திறக்கும்போது மற்றது மூடியிருக்கும்படி இரட்டைக் கதவு வேண்டும். கடைசிக் குறுக்குப் பாதையைத் தாண்டி நீளும் முகப்புக்குக் குழாயோ திரைத்துணியோ கொண்டு காற்றைக் கொண்டுபோங்கள். அதன் நுனி முகப்புக்கு 5 மீட்டருக்குள் இருக்கட்டும்.

வாயுவும் கரித்தூளும்

மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும். காற்றைவிட லேசு என்பதால் கூரைக் குழிவுகளில் தங்கும். இடுப்பு உயரத்தில் டிடெக்டரை (வாயு அளக்கும் கருவி) பிடித்து எடுத்த அளவுக்கு மதிப்பில்லை. கூரையை ஒட்டி, முகப்பிலும் ஒவ்வொரு குழிவிலும் பாருங்கள். 1.25 சதவீதம் காட்டினால் மின்சாரத்தை வெட்டிவிட்டு ஆட்களை வெளியே அனுப்புங்கள். வெடிக்கும் அளவில் அது கால் பங்குதானே என்று யாராவது வாதாடுவார்கள். பத்தடி தள்ளி உள்ள பொந்தில் எவ்வளவு இருக்கிறது என்று டிடெக்டர் சொல்லாது. மீதி முக்கால் பங்கு இடைவெளி அதற்காகத்தான்.

ஆக்சிஜன் குறைந்த கெட்ட காற்று கனமாக இருந்தால் தாழ்ந்த மூலையிலும் கைவிட்ட பாதையிலும் கிடக்கும். 19 சதவீதத்துக்குக் கீழே போனால் அங்கே நிற்கக் கூடாது; 10 சதவீத அளவில் எச்சரிக்கை இல்லாமல் ஆள் சுருண்டு விழுவார். விழுந்தவரைத் தூக்க ஓடுபவர் அடுத்து விழுவார். வடிகட்டி வகை முகமூடி இங்கே உதவாது, அது கார்பன் மோனாக்சைடை மாற்றுமே தவிர ஆக்சிஜனைத் தராது. ஆக்சிஜன் தரும் சுயமீட்புக் கருவி வாங்குங்கள். ஆளுக்கு ஒன்று, பெட்டியில் பூட்டி வைக்காமல் இடுப்பில்.

விசிறி நின்றால் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். மறுபடி ஓடத் தொடங்கியதும் உடனே இறங்காமல், சோதித்தவர் “சரி” என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகே உள்ளே மின்சாரம், அதன் பிறகே ஆட்கள். வளிமண்டல அழுத்தம் விழும் நாளில், அதாவது புயல் மழைக்கு முன், பழைய குழிகளிலிருந்து வாயு அதிகமாகக் கசியும். அன்று சோதனையை இரட்டிப்பாக்குங்கள்.

தரையிலும் முட்டுக்கட்டைகளிலும் படிந்த நுண்ணிய கரித்தூள் வெடிக்கக் காகிதத் தடிமன் போதும். சிறிய மீத்தேன் வெடிப்பு அதைக் கிளப்பிவிட்டால், தீ பாதை முழுக்க ஓடும். தூளை வாரி வெளியே போட்டுவிட்டு, சிலிக்கா குறைந்த சுண்ணாம்புக்கல் தூளைத் தாராளமாகத் தூவுங்கள். அமெரிக்க விதி கேட்பது, கலவையில் எரியாத பகுதி 80 சதவீதம். பாதை வெள்ளையாகத் தெரிந்தது போன வாரம். இந்த வாரம் சாம்பல் நிறமென்றால் மறுபடி தூவும் வேளை வந்துவிட்டது.

கூரை

வெடிப்பு பத்திரிகையில் வரும். கூரை ஒரு நேரத்தில் ஒருவரைக் கொன்றுவிட்டுப் பேசப்படாமல் போகும். ஒவ்வொரு ஷிப்டும் கடப்பாரையால் தட்டிப் பார்த்துத் தொடங்க வேண்டும். தட்டுபவர் முட்டு வைத்த இடத்துக்குள் நின்று, நீளமான கடப்பாரையை முன்னால் நீட்டி, பின்னால் ஓட வழி விட்டுத் தட்டட்டும். கணீரென்று ஒலித்தால் பாறை பிடித்திருக்கிறது. பொத்தென்று விழுந்தால் மேலே பிளவு. ஒரு கையால் தட்டும்போது மறு கையின் விரல் நுனியைக் கூரையில் வைத்தால், காதுக்கு எட்டாத அதிர்வும் தெரியும். சத்தம் சந்தேகமாக இருந்தால் கீழே தள்ளுங்கள் அல்லது முட்டுக் கொடுங்கள். “கொஞ்ச நேரம்தானே” என்று அடியில் போகாதீர்கள்.

முட்டுக்கட்டையின் விட்டம் நீளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்காவது இருக்கட்டும்: 1.8 மீட்டர் கட்டைக்கு 15 சென்டிமீட்டர். கட்டைகளுக்கு நடுவே 1.2 மீட்டருக்கு மேல் விடாதீர்கள். அடி கெட்டியான தரையில் நிற்க வேண்டும், உதிர்கரி மேல் வைத்த கட்டை பாரம் வந்ததும் இறங்கிவிடும். தலையில் தட்டையான பலகை, அதன் மேல் ஆப்பு. இரண்டும் இல்லாத கட்டை கூரையை ஒரு புள்ளியில்தான் தாங்கும். சாய்ந்த படுகையில் கட்டையைத் தரைக்கும் கூரைக்கும் நேர் குறுக்காக நிறுத்தாமல், அதன் தலையை அந்தக் கோட்டிலிருந்து மேட்டுப் பக்கம் சற்றுச் சாய்த்து நிறுத்துங்கள். இரும்பு முட்டு வந்தாலும் மரத்தைப் பலர் விடாததற்குக் காரணம் உண்டு: மரம் முறியும் முன் சடசடவென்று சொல்லிவிட்டுத்தான் முறியும்.

இங்கேதான் கூலிக் கணக்கு குறுக்கே வருகிறது. டன்னுக்கு இவ்வளவு என்று மட்டும் பங்கு பிரித்தால், முட்டு வைக்கும் அரை மணி நேரம் எல்லோருக்கும் நஷ்டம். கட்டை வைப்பது, கூரை தட்டுவது, கல் வாருவது, பாதை செப்பனிடுவது எல்லாவற்றுக்கும் நேரக் கூலி எழுதுங்கள். கட்டை முகப்பருகே அடுக்கியிருக்க வேண்டும். வாசலுக்குப் போய்த் தூக்கி வர வேண்டுமென்றால் யாரும் வைக்க மாட்டார்கள்.

தூணைச் சுரண்டாதீர்கள்

விலை ஏறும் மாதத்தில் சுலபமாகக் கிடைக்கும் கரி, கூரையைத் தாங்க வெட்டாமல் விட்டுவந்த கரித் தூணில் இருக்கிறது. 60 மீட்டர் ஆழத்தில் 10 மீட்டர் சதுரத் தூண்கள், நடுவே 4 மீட்டர் பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். தூண் ஒன்றின் மேல் ஏறத்தாழ 2.9 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) பாரம். நாலு பக்கமும் ஒரு மீட்டர் செதுக்கினால் தூண் 8, பாதை 6, பாரம் 4.6 ஆகிவிடும். செதுக்கியது ஒரு மீட்டர்தான், பாரம் ஒன்றரை மடங்குக்கு மேல். மெலிந்த தூணின் பலமும் குறைந்திருக்கும். ஒரு தூண் விட்டுக்கொடுத்தால் அதன் பாரம் பக்கத்துத் தூண்களுக்குப் போகும். தென்னாப்பிரிக்காவின் கோல்புரூக்கில் 1960 ஜனவரியில் தூண்கள் அப்படித் தொடர்ச்சியாக நொறுங்கியதில் 400-க்கும் மேற்பட்டோர் உள்ளேயே புதைந்தார்கள்.

தண்ணீர்

சொந்தக் குழியின் ஊற்று நீரைப் பம்பு பார்த்துக்கொள்ளும். பம்பு இரண்டு வேண்டும், ஒன்று பழுதில் இருக்கும் என்ற கணக்கில். ஆளைக் கொல்வது பக்கத்துப் பழைய குழியில் தேங்கிய நீர். 1975 டிசம்பரில் இந்தியாவின் சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்கத்தில் 370-க்கும் மேற்பட்டோர் இறந்தது அப்படித்தான். 2002-ல் அமெரிக்காவின் க்வேக்ரீக்கில் ஒன்பது பேர் மூன்று நாளுக்கு மேல் மாட்டி உயிரோடு மீண்டார்கள்; பழைய குழியின் இறுதி வரைபடம் அவர்கள் கையில் இல்லை.

பழைய குழி 60 மீட்டருக்குள் இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே முன்துளை போட்டுக்கொண்டு போங்கள். முகப்பு நடுவில் ஒன்று, இரு பக்கமும் சாய்வாக மற்றவை. துளை எப்போதும் முகப்பைவிட 3 மீட்டராவது முன்னால் இருக்க வேண்டும். துளையில் நீர் பீறிட்டால் அடைக்க ஆப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முகப்பு திடீரென்று வியர்த்தாலும், துருநிற நீர் கசிந்தாலும், அழுகிய முட்டை வாசம் வந்தாலும் வேலையை நிறுத்துங்கள்.

யார் நிறுத்துவது?

முதலாளி இல்லாத சுரங்கத்தில் இதுதான் சிக்கல். நிறுத்தினால் எல்லோருக்கும் நஷ்டம், நிறுத்தச் சொல்பவரும் பங்காளி. ஆகவே சங்க விதியிலேயே எழுதுங்கள்: சோதனையாளர் நிறுத்து என்றால் பொதுக்கூட்டம்கூட அதை அன்றே மாற்ற முடியாது, அவருக்கு டன் கணக்கில் பங்கு கிடையாது, மாதச் சம்பளம். எடை போடுபவரையும் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கட்டும். பிரிட்டனில் தொழிலாளர்கள் இந்த உரிமையை 1860-லேயே சட்டத்தில் வாங்கினார்கள்.

விற்கும் ஒவ்வொரு டன்னிலிருந்தும் ஒரு தொகையைப் பங்கு பிரிக்கும் முன் எடுத்துத் தனிக் கணக்கில் போடுங்கள். கட்டை, பம்பு, டிடெக்டர் எல்லாம் அதிலிருந்து. வேல்ஸ் நாட்டின் டவர் சுரங்கத்தை 239 தொழிலாளர்கள் தலைக்கு 8,000 பவுண்டு போட்டு வாங்கி, 1995 ஜனவரியில் திறந்து 2008 வரை ஓட்டினார்கள். கையில் முதல் இருந்ததால்தான் அவர்களால் அதைச் செய்ய முடிந்தது. கடனை மட்டும் நம்பித் தொடங்கும் சங்கத்தில், தவணை நாளே ஷிப்ட் நேரத்தைத் தீர்மானிக்கும்.

வின்ச் இனி வரலாம். ரோப் ஓடும்போது அந்தப் பாதையில் யாரும் நடக்கக் கூடாது, கீழே அறுந்தோடும் வண்டியைத் தடுக்கும் தடுப்புக்கட்டை இருக்க வேண்டும். அதோடு ஒரு சல்லடையும் வாங்குங்கள். பெரிய கட்டி, நடுத்தரம், தூள் என்று பிரித்த கரிக்குக் கலப்புக் கரியைவிட விலை உண்டு. வெளியே குவிக்கும்போது 2 முதல் 3 மீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல், அடுக்கடுக்காக இறுக்கி, தூளையும் கட்டியையும் கலக்காமல் வையுங்கள். தளர்ந்த குவியலுக்குள் காற்று நுழைந்தால் கரி தானே சூடேறும். உள்ளே கம்பி விட்டு எடுத்துத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடென்றால் குவியலைப் பிரித்துப் பரப்புங்கள்.

மாதம் ஒருமுறை முகப்புகளை அளந்து வரைபடத்தில் ஏற்றுங்கள், மூடும் நாளில் எங்கே நிறுத்தினீர்கள் என்பது வரை. ஒரு பிரதி சங்கத்தில், ஒரு பிரதி அரசு சுரங்க அலுவலகத்தில். பக்கத்து நிலத்தில் பின்னால் தோண்ட வருகிறவர் முன்துளையை எங்கே தொடங்குவது என்று அந்தத் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.