ராயல் ப்ளூ பெட்டா லைனைக் கலப்பில்லாமல் காப்பது எப்படி?

சண்டை மீன் எனப்படும் பெட்டாவில் ராயல் ப்ளூ ஜோடி ஒன்றை வாங்கி இணை சேர்த்தால் குஞ்சுகள் எல்லாமே ராயல் ப்ளூவாக வரும் என்று புதிதாக வளர்ப்பவர்கள் எதிர்பார்க்கிறார்கள். வராது. சுமார் பாதிதான் ராயல். கால்வாசி சாம்பல் படிந்த ஸ்டீல் ப்ளூ, மீதிக் கால்வாசி பச்சை அடிக்கும் டர்காய்ஸ். விற்றவர் ஏமாற்றவில்லை, அந்த நிறத்தின் வாகே அப்படி.

இந்த நீலங்களைப் பிரிப்பது ஒரே ஒரு ஜீன். அதன் இரண்டு பிரதிகளும் ஒரு வகையாக இருந்தால் டர்காய்ஸ், இரண்டும் மற்ற வகையாக இருந்தால் ஸ்டீல், வகைக்கு ஒன்றாக அமைந்தால் ராயல். ஆகவே ஸ்டீலும் ஸ்டீலும் சேர்ந்தால் எல்லாம் ஸ்டீல். டர்காய்ஸும் டர்காய்ஸும் சேர்ந்தால் எல்லாம் டர்காய்ஸ். ஸ்டீலையும் டர்காய்ஸையும் சேர்த்தால்தான் நூற்றுக்கு நூறு ராயல் கிடைக்கும். ராயல் லைனை, அதாவது தலைமுறை தலைமுறையாகத் தொடரும் வம்சத்தை, காப்பவர் உண்மையில் காக்க வேண்டியது ஸ்டீல், டர்காய்ஸ் என்ற இரண்டு லைன்களை. ஸ்டீல் மங்கலாக இருக்கிறது, விலை போகாது என்று பலர் முதலில் கழிப்பது அதைத்தான். இரண்டு மூன்று தலைமுறையில் ராயலும் கையைவிட்டுப் போவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

படி 1: தொடக்க மீன்கள்

கடையில் நல்ல ஸ்டீல் கிடைப்பது அரிது. பரவாயில்லை. சுத்தமான ராயல் ஜோடி ஒன்று கிடைத்தால், அதன் 60 குஞ்சுகளில் ஏறக்குறைய 15 ஸ்டீலும் 15 டர்காய்ஸும் வரும். இரண்டு லைனையும் அங்கிருந்தே தொடங்கலாம்.

வாங்கும்போது சிறிய டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். வயிற்றுத் துடுப்பிலும் குதத் துடுப்பிலும் சிவப்புச் சாயம் இருக்கிறதா? தலை கருமையாக இல்லாமல் செம்பு, பொன் மினுமினுப்பு ஏறியிருக்கிறதா? அது மெட்டாலிக் கலப்பின் அடையாளம். முகத்தில் தோல் நிறத் திட்டு, உடலில் ஒட்டாத நிறத்தில் ஒற்றைச் செதில், துடுப்பில் வெளிறிய கதிர் எதுவும் உண்டா? அப்படியென்றால் மார்பிள். ஆண் மீனை இப்படிச் சல்லடை போட்டுவிட்டுப் பெண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குபவர்கள் நிறைய. பெண்ணுக்குத் துடுப்பு சிறியது, குறை எளிதில் தெரியாது. அதனால் அங்கேதான் டார்ச்சை அதிக நேரம் பிடிக்க வேண்டும்.

மார்பிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் இண்டியானா மாநிலச் சிறையில் இருந்த ஆர்வில் கல்லி என்பவர் கறுப்புப் பெட்டா உருவாக்க முயன்றபோது வெளிப்பட்ட நிறம் இது. வளர்ப்பாளர்கள் இதை இடம்மாறும் ஜீன் என்கிறார்கள், ஏனென்றால் மீன் வளர வளர நிறம் மாறிக்கொண்டே இருக்கும். கோய், கேலக்ஸி, நீமோ, ஃபேன்ஸி என்று இன்று விற்பவை பெரும்பாலும் மார்பிள் வழியில் வந்தவை. அழகான மீன்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு மார்பிள் மீன் முழு நீலமாக மாறிய கட்டத்தில் உங்கள் கைக்கு வரலாம், பார்வைக்கு அப்பழுக்கில்லாமல் இருக்கலாம். அதன் பிள்ளைகளில் திட்டுகள் தலைகாட்டும்போது லைன் கெட்டிருக்கும். பெட்டா, தாய்லாந்தில் குறைந்தது 400 ஆண்டுகளாக மனிதர் கையில் வளர்ந்த மீன் என்று 2022-ல் வெளியான மரபணு ஆய்வு சொல்கிறது. 2019-ல் அந்நாடு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாகவும் அறிவித்தது. ஒற்றை நிறப் பெட்டா பல தலைமுறைத் தேர்வின் பலன், அதைக் கலைக்க ஒரு ஜோடி போதும். சென்னைக் கொளத்தூர் போன்ற பெரிய வண்ணமீன் சந்தையில் வாங்குவதென்றால், ஒரே தொகுதியில் வந்த உடன்பிறப்புகளையும் காட்டச் சொல்லுங்கள். கூடப் பிறந்ததில் ஒன்று திட்டுத்திட்டாக இருந்தாலும் அந்தத் தொகுதியே வேண்டாம்.

படி 2: இணை சேர்த்தல்

ஏழு, எட்டு மாத வயது ஜோடி போதுமானது. பத்து நாள் தனித்தனியாக வைத்துக் கொசுப்புழு, ஆர்டீமியா (உப்புநீரில் வாழும் சிறு இறால் வகை) என்று உயிருணவு கொடுங்கள். பெண்ணின் வயிறு பருத்து, அடியில் வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். ஆணைக் கண்டதும் உடலில் செங்குத்துக் கோடுகள் எழுந்தால் தயார். கிடைக்கோடு வந்தால் பயம், இன்னும் காத்திருங்கள்.

2 அடி நீளம், 1 அடி அகலத் தொட்டியில் 15 செ.மீ. உயரத்துக்கு, குளோரின் போன நீர் விடுங்கள். சுமார் 27 லிட்டர் பிடிக்கும். மணல் போட வேண்டாம், கீழே விழும் முட்டையை ஆண் தேடி எடுக்க முடியாது. வெப்பநிலை 27 முதல் 29 டிகிரி செல்சியஸ். காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்று, நுரைக்கூடு கட்ட உள்ளங்கை அளவு தெர்மாகோல், பெண் ஒளிய ஒரு கொத்து ஜாவா மாஸ் என்ற நீர்ப்பாசி. நீரோட்டம் கூடவே கூடாது, கூடு கலைந்துவிடும்.

ஆணை முதலில் விடுங்கள். அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலை நடுவில் நிறுத்தி, அதற்குள் பெண்ணை ஒரு நாள் வையுங்கள். கூடு கட்டியபின் பாட்டிலை எடுத்துவிடலாம். துரத்தல், சிறு கிழிசல் சகஜம். 48 மணி நேரத்தில் முட்டையிடாவிட்டாலோ, பெண் மோசமாகக் காயப்பட்டாலோ பிரித்து, ஆறிய பிறகு மீண்டும் முயலுங்கள். முட்டையிட்டு முடிந்து ஆண் துரத்தத் தொடங்கியதும் பெண்ணை எடுத்துவிட வேண்டும். இரவில் மங்கலான விளக்கு ஒன்று எரியட்டும், விழும் முட்டையை ஆண் பார்த்து எடுத்துவைக்கும். முதல் முறை அப்பாவாகும் ஆண் முட்டையைத் தின்றுவிடுவது வழக்கம்தான், அதற்காக அதைக் கழிக்காதீர்கள்.

ஒன்றரை முதல் இரண்டு நாளில் பொரியும். அதன்பின் இரண்டு மூன்று நாளில் குஞ்சுகள் கிடைமட்டமாக நீந்தும். அன்றே ஆணை எடுத்துவிடுங்கள்.

படி 3: குஞ்சு வளர்ப்பு

முதல் மூன்று நாள் இன்ஃபுசோரியா (நீரில் வளரும் நுண்ணுயிர்கள்), பிறகு மைக்ரோவார்ம் (மிகச் சிறிய புழுக்கள்), ஐந்தாறு நாளில் பொரித்த ஆர்டீமியா. 1 லிட்டர் நீரில் 25 கிராம் கல்லுப்பு, அரைத் தேக்கரண்டி ஆர்டீமியா முட்டை போட்டு, 28 டிகிரியில் நன்றாகக் காற்றூட்டினால் 24 முதல் 36 மணி நேரத்தில் பொரிந்துவிடும். முட்டை ஓடுகளை நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

மூன்றாவது, நான்காவது வாரத்தில் குஞ்சுகளுக்குக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உருவாகிறது. அப்போது தொட்டியைக் கண்ணாடியால் மூடி, நீர்ப்பரப்பின் மேலுள்ள காற்றைச் சூடாகவும் ஈரமாகவும் வைக்காவிட்டால் கூட்டமாகச் சாகும். நன்றாக வளர்ந்துகொண்டிருந்த குஞ்சுகள் மார்கழிக் குளிரில் திடீரென்று போவதற்கு இது முக்கியக் காரணம்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆண்கள் சண்டை தொடங்கும். 2 லிட்டர் ஜாடிகளில் தனித்தனியாகப் பிரியுங்கள். எத்தனை ஜாடி இருக்கிறதோ அத்தனை ஆண்களைத்தான் வளர்க்க முடியும் என்பதை இணை சேர்க்கும் முன்பே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

படி 4: தேர்வு

எட்டாவது வாரத்தில் முதுகு வளைந்தவை, வயிற்றுத் துடுப்பு இல்லாதவை, நீந்தத் திணறுபவை எல்லாம் விலக்கு. நிறத்தை அப்போது தீர்மானிக்காதீர்கள். நான்காவது மாதத்தில் டார்ச் அடித்துச் சிவப்புச் சாயம், மெட்டாலிக் மினுக்கம் பாருங்கள். ஏழாவது மாதம், அடுத்த தலைமுறைக்கு விடும் முன், மார்பிள் திட்டு முளைத்திருக்கிறதா என்று மறுபடி ஒருமுறை. அவசரப்பட்டு நான்காம் மாதத்திலேயே இணை சேர்ப்பவர்களின் லைனில்தான் மார்பிள் நுழைகிறது.

விலக்கியவற்றை வளர்க்க மட்டும் விரும்புபவர்களுக்குக் கொடுக்கலாம். குளத்திலோ வாய்க்காலிலோ விடக்கூடாது.

படி 5: குறிப்பேடும் உறவுக் கணக்கும்

ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு குறி: ஸ்டீல், மூன்றாம் தலைமுறை, அ குடும்பம் என்றால் “ஸ்-3-அ”. ஜாடியில் அதே குறி ஒட்டியிருக்க வேண்டும். ஏட்டில் தாய் தந்தை குறி, பொரித்த தேதி, எண்ணிக்கை, விலக்கியவை எத்தனை, எதனால் என்று எழுதுங்கள்.

அண்ணன் தங்கையைச் சேர்த்துக்கொண்டே போனால் நிறம் சீக்கிரம் சீராகும், கூடவே உட்கலப்பும் (நெருங்கிய உறவுக்குள் இணைவதன் அளவு) ஏறும். உறவில்லாத ஜோடியில் தொடங்கினால் முதல் உடன்பிறப்பு இணையில் உட்கலப்பு 25 சதவீதம், அடுத்ததில் 37.5, மூன்றாவதில் 50. முட்டை குறைவது, பொரியாமல் பூஞ்சை பிடிப்பது, வளைந்த முதுகு அதிகரிப்பது இதன் அறிகுறிகள். எனவே ஒவ்வொரு நிறத்திலும் வெவ்வேறு இடத்தில் வாங்கிய மீன்களிலிருந்து அ, ஆ என்று இரண்டு குடும்பம் வையுங்கள். மூன்று தலைமுறைக்கு ஒருமுறை இரண்டையும் குறுக்கே சேருங்கள்.

வெளியிலிருந்து புது ரத்தம் தேவைப்பட்டால் நேரே லைனுக்குள் விட வேண்டாம். புது மீனை உங்கள் பெண் மீன் ஒன்றோடு மட்டும் சேர்த்து, இருபது குஞ்சுகளையாவது ஆறு ஏழு மாதம் தனியே வளர்த்துப் பாருங்கள். திட்டும் மினுக்கமும் இல்லையென்றால் அந்தக் குஞ்சுகள் உள்ளே வரட்டும்.

வேறு பழைய நிறங்கள்

வெளிர் உடலும் சிவப்புத் துடுப்பும் கொண்ட கம்போடியன் ஒடுங்கு பண்பு, அதாவது ஜீனின் இரண்டு பிரதிகளும் அதே வகையாக இருந்தால்தான் வெளியே தெரியும். இரண்டு கம்போடியனைச் சேர்த்தால் எல்லாம் கம்போடியன்தான், காப்பது எளிது. அடர்நிற மீன் ஒன்று இந்தப் பண்பை மறைவாகச் சுமக்கிறதா என்று அறிய அதைக் கம்போடியனோடு சேருங்கள். சுமந்தால் பாதிக் குஞ்சுகள் வெளிறியிருக்கும்.

மெலானோ என்ற கறுப்பு நிறம் வேறு கதை. கறுப்புப் பெண்ணின் முட்டை பொரிக்காது. கறுப்பு ஆணை, மெலானோ ஜீனை மறைவாகச் சுமக்கும் ஸ்டீல் பெண்ணோடுதான் சேர்க்க வேண்டும். பாதி கறுப்பு, பாதி ஸ்டீல் வரும், அந்த ஸ்டீல் எல்லாமே ஜீனைச் சுமக்கும். அந்தப் பெண்களில் தேறியவற்றை அடுத்த தலைமுறைக்கு எடுத்துக்கொண்டு, ஜாடியில் “மெ-ஸ்” என்று தனிக் குறி ஒட்டுங்கள். நீல லைனின் ஸ்டீலும் இதுவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.